இருபத்தைந்து கஜம்

இருபத்தைந்து கஜம் என்பது பெரிய தூரம் ஒன்றும் இல்லை. சாவதானமாக நடந்தால் முப்பது எட்டில் கடந்துவிடலாம். வாசலில் நிற்கிற மனைவி, நாலு வீடு தள்ளி வருகிற கணவனின் முகத்தைப் பார்த்து, போன காரியம் காயா பழமா என்று தெரிந்துகொள்கிற தூரம்.

இந்தச் சின்னத் தூரத்துக்கு மோட்டார் வண்டியின் சரித்திரத்தில் பெரிய இடம் உண்டு. நல்ல பகல் வெளிச்சத்தில், கண்ணாடி அணிகிறவராக இருந்தால் கண்ணாடியோடு, இருபத்தைந்து கஜத்தில் இருக்கிற காரின் நம்பர் பலகையை வாசிக்க முடியுமா? முடியும் என்றால் உங்கள் கண் மோட்டார் ஓட்டத் தகுதியானது. 1930-ம் வருஷத்துச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தை ஒட்டி இங்கிலாந்தில் வந்த ஏற்பாடு இது. பிறகு கஜம் மீட்டராயிற்று; பலகையின் எழுத்து சிறுத்தபோது தூரமும் சற்றுக் குறைந்தது. ஆனால் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் அந்தச் சோதனையின் உடம்பும் உயிரும் மாறவில்லை.

வேடிக்கை என்னவென்றால், நம்பர் பலகை கண்ணைச் சோதிப்பதற்காகப் பிறந்ததே அல்ல. ஆளைப் பிடிப்பதற்காகப் பிறந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் மோட்டார் வைத்திருந்தவர்கள் பணக்காரர்கள். கிராமத்துச் சாலைகளில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு, குதிரைகளையும் கோழிகளையும் மிரள அடித்துக்கொண்டு போவார்கள். தோல் தொப்பியும் பெரிய கண்ணாடியுமாக இருக்கிற முகத்தை யாரால் அடையாளம் சொல்ல முடியும்? ஆகவே 1903-ம் வருஷம் பார்லிமெண்ட் ஒரு சட்டம் செய்தது. 1904 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் எண். ஓட்டுகிறவருக்கு ஐந்து ஷில்லிங்கில் ஒரு லைஸென்ஸ். மணிக்கு இருபது மைலுக்கு மேல் போகக் கூடாது.

லைஸென்ஸ் வாங்க என்ன பரீட்சை என்று கேட்பீர்கள். ஒன்றும் கிடையாது. பதினேழு வயதாகியிருந்து, ஐந்து ஷில்லிங் கையில் இருந்தால் போதும். ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. கண் தெரியுமா என்றும் கேட்கவில்லை. சுத்தக் குருடர் ஒருவர் தபாலாபீஸுக்குப் போகிறவர் மாதிரி தடியைத் தட்டிக்கொண்டு போய் லைஸென்ஸ் வாங்கி வந்திருந்தாலும் தடுப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

லண்டனில் 'ஏ 1' என்ற எண்ணை வாங்கியவர் ரஸ்ஸல் பிரபு. தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் தமையனார். அந்த எண்ணுக்காக ராத்திரி முழுவதும் வரிசையில் காத்துக் கிடந்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். இவரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறார்.

அந்தக் காலத்தில் கண்ணை அளக்கத் தெரியாததால் விட்டுவிட்டார்களா? அதுதான் இல்லை. கண் டாக்டர் சுவரில் மாட்டியிருக்கிறாரே, மேலே பெரிய எழுத்தும் கீழே போகப் போகப் பொடி எழுத்தும், அந்த அட்டையை ஹாலந்தில் உத்ரெக்ட் நகரத்து ஸ்நெல்லன் என்ற டாக்டர் 1862-லேயே வெளியிட்டுவிட்டார். சாதாரணக் கண் ஆறு மீட்டரிலிருந்து எதை வாசிக்கும் என்று கணக்குப் போட்டு எழுத்துக்களின் அளவை வகுத்தவர் அவர். ஆறுக்கு ஆறு, ஆறுக்குப் பன்னிரண்டு என்று டாக்டர்கள் சொல்வதெல்லாம் அவர் வழி வந்த கணக்கு. பன்னிரண்டு மீட்டரில் நல்ல கண்ணுக்குத் தெரிவது உங்களுக்கு ஆறு மீட்டருக்கு வந்தால்தான் தெரிகிறது என்பது ஆறுக்குப் பன்னிரண்டு.

அட்டை இருந்தது, அளக்கும் வழக்கமும் இருந்தது. ஆனால் அது ரயில்வேயில் இருந்தது. எப்படி வந்தது என்பது ஒரு தனிக் கதை.

1875-ம் வருஷம் நவம்பர் மாதத்து இரவு ஒன்றில், ஸ்வீடன் தேசத்தில் லாகர்லுண்டா என்ற இடத்தில், ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்து மோதின. ஒன்பது பேர் மாண்டார்கள். உப்ஸாலா சர்வகலாசாலையில் உடலியல் பேராசிரியராக இருந்த ஹோல்ம்கிரென் என்பவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. ரயிலை ஓட்டியவர்களுக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் பேதம் தெரிந்திருந்ததா?

நிறக்குருடு என்பதை உலகத்துக்கு விவரமாகச் சொன்னவர் ரசாயன சாஸ்திரி ஜான் டால்ட்டன். 1794-ல் மான்செஸ்டரில் அதைப்பற்றிக் கட்டுரை படித்தார். ரோஜா நிறமுள்ள ஜெரேனியம் பூ ஒன்று அவருக்குப் பகலில் நீலமாகத் தெரிந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் வேறு நிறமாகத் தெரிந்தது. மற்றவர்களுக்கு அப்படி மாறவில்லை. அவ்வளவு பெரிய மேதைக்கே தம் கண்ணில் ஒரு வர்ணம் குறைகிறது என்று தெரிய இருபத்தைந்து வயதுக்கு மேல் ஆயிற்று. எஞ்சின் அடுப்பில் கரி தள்ளுகிற மனிதருக்கு எப்படித் தெரியும்?

ஹோல்ம்கிரென் கம்பளி நூல் கண்டுகளை எடுத்துக்கொண்டார். பெண்கள் பூவேலை செய்கிற சாதாரண நூல். பல வர்ணங்களில் ஒரு குவியல். அதில் வெளிர்ப்பச்சைக் கண்டு ஒன்றைத் தனியே வைத்து, "இதன் ஜாதியைச் சேர்ந்ததையெல்லாம் பொறுக்கி எடு" என்பார். வர்ணத்தின் பெயரைச் சொல்லச் சொல்வதில்லை. பெயரை யாரும் மனப்பாடம் செய்துவிடலாம் அல்லவா? நிறக்குருடர் பச்சையோடு சாம்பலையும் பழுப்பையும் தயக்கமில்லாமல் சேர்த்து அடுக்குவார். உப்ஸாலாவிலிருந்து கேவ்லே போகிற ரயில்பாதையில் வேலை பார்த்த 266 பேரை இப்படிச் சோதித்தார். 13 பேர் அகப்பட்டார்கள். விரைவில் ஸ்வீடனில் இந்தச் சோதனை ரயில்வேக்காரர்களுக்குக் கட்டாயமாயிற்று. சில வருஷங்களில் கடல் தாண்டிப் பல தேசங்களுக்குப் போயிற்று.

லாகர்லுண்டா விபத்துக்கு நிறக்குருடுதான் காரணமா என்று பிற்காலத்து ஆராய்ச்சியாளர்கள் பழைய விசாரணைத் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அது நிரூபணமாகவில்லை என்கிறார்கள். யார்மேல் சந்தேகமோ அவருடைய கண்ணை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. ஹோல்ம்கிரென் கொஞ்சம் நாடகம் போடத் தெரிந்தவர் என்றும் தோன்றுகிறது. ஆனாலும் அந்தப் பதின்மூன்று பேரைப் பற்றி எனக்குத் தோன்றுவது வேறு. முந்தின நாள்வரை விளக்குகளைப் பார்த்து வேலை செய்துகொண்டிருந்தவர்கள். விளக்கு மங்கலா பிரகாசமா, கண்ணாடி எந்தப் பக்கம் என்று ஏதேதோ குறிப்பு வைத்துக்கொண்டு காலம் தள்ளியிருப்பார்கள். ஒரு பேராசிரியர் நூல்கண்டு மூட்டையோடு வந்தார். பிழைப்பு ஆட்டம் கண்டுவிட்டது. கதை எழுதுகிறவனுக்கு விபத்தைவிட இந்த இடத்தில்தான் மனசு நிற்கிறது.

ஆக, ரயில்வேத் தொழிலாளியின் கண்ணை 1870-களிலேயே சோதித்தார்கள். மோட்டார்க்காரர் கண்ணைப் பற்றி 1930 வரை கேட்கவே இல்லை. ஏன்? ரயில் டிரைவர் கூலி வாங்குகிறவர். சோதிக்கச் சொன்னவர் கூலி கொடுக்கிறவர். மோட்டார் ஓட்டியவரோ பார்லிமெண்டில் உட்கார்ந்து சட்டம் செய்கிறவர், அல்லது அவருடைய மைத்துனர். தம் கண்ணைத் தாமே சந்தேகிக்கிற சட்டத்தை யார் கொண்டுவருவார்கள்? இது என் ஊகந்தான். ஆனால் ஐம்பது வருஷத் தாமதத்துக்கு வேறு நல்ல காரணம் எனக்கு அகப்படவில்லை.

1929-ல் தொழிற்கட்சி மந்திரிசபை வந்தது. போக்குவரத்து இலாகாவில் பார்லிமெண்டரி காரியதரிசியாக வந்தவர் யார் என்கிறீர்கள்? நம்முடைய 'ஏ 1' ரஸ்ஸல் பிரபுதான்! புதிய சாலைச் சட்ட மசோதாவைப் பிரபுக்கள் சபையில் எடுத்துப் பேசியவர் அவரே. இருபது மைல் வரம்பை யாருமே மதிக்கவில்லை என்று அந்தச் சட்டம் கார்களுக்கு வேக வரம்பை அடியோடு எடுத்துவிட்டது. கூடவே, லைஸென்ஸ் கேட்கிறவர் தம் உடல் தகுதியைப் பற்றி எழுதிக் கொடுக்க வேண்டும் என்றது. ஆளைப் பிடிக்க மாட்டிய பலகை அங்கேதான் கண்ணை அளக்கிற பலகையாக அவதாரம் எடுத்தது. யோசித்துப் பார்த்தால் கெட்டிக்காரத்தனமான யோசனை. டாக்டர் வேண்டாம், அட்டை வேண்டாம், செலவு இல்லை. தெருவுக்குத் தெரு கார் நிற்கிறது.

ஆனால் யார் சோதிப்பது? அவரவரே சோதித்து அவரவரே கையெழுத்துப் போட வேண்டியது.

வேக வரம்பு போயிற்று. 1934-ம் வருஷம் பிரிட்டனின் சாலைகளில் செத்தவர்கள் 7,343 பேர். அப்போது அங்கே ஓடிய வண்டிகள் இருபத்துநாலு லட்சம்தான். சர்க்கார் பயந்துபோய், ஊருக்குள் முப்பது மைல் என்று மறுபடியும் வரம்பு வைத்தது. 1935 ஜூன் முதல் தேதியிலிருந்து ஓட்டும் பரீட்சை கட்டாயம் என்றது. பரீட்சை அதிகாரி முதல் காரியமாகத் தெருவில் நிற்கிற வண்டி ஒன்றைக் காட்டி, "அந்த நம்பரை வாசியுங்கள்" என்பார். முதல்முறையாக இன்னொரு மனிதர் பக்கத்தில் நின்று கேட்டார். அதிலும் ஒரு சலுகை: 1934 ஏப்ரலுக்கு முன்பே லைஸென்ஸ் வைத்திருந்தவர்களுக்குப் பரீட்சை கிடையாது. அவர்கள் கண்ணை யாரும் கேட்காமலே ஆயுள் முழுவதும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்த இருபத்தைந்து கஜத்தைச் சற்றுக் கணக்குப் பார்க்கலாம். அது எழுபத்தைந்து அடி. முப்பது மைல் வேகத்தில் போகிற கார் ஒரு விநாடிக்கு நாற்பத்துநாலு அடி போகிறது. எழுபத்தைந்து அடியைக் கடக்க இரண்டு விநாடிகூட ஆகாது. பிரிட்டிஷ் சாலை விதிப் புத்தகத்தில் ஓர் அட்டவணை உண்டு: முப்பது மைல் வேகத்தில் போகும் கார், ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்தி முழுக்க நிற்பதற்கு எழுபத்தைந்து அடி வேண்டும். அறுபது மைலில் இருநூற்று நாற்பது அடி வேண்டும். வேகம் இரட்டித்தால் தூரம் மும்மடங்குக்கு மேல் போய்விடுகிறது. நியாயமாகச் சொல்லப் போனால், குழந்தை நம்பர் பலகை எழுத்தைப் போல மூன்றரை அங்குலம் இல்லை; அதைவிடப் பெரிது; இன்னும் தூரத்திலேயே தெரியும். பகலில், எதிரே, நடுவில் நின்றால் தெரியும்.

அந்தப் பகலையும் எதிரையும் நடுவையும் ஒவ்வொன்றாகக் காலம் வந்து சோதித்தது.

முதலில் பகல். 1939 செப்டம்பரில் யுத்தம் வந்தது. ஜெர்மன் விமானங்களுக்கு ஊர் தெரியக் கூடாதென்று இங்கிலாந்து முழுவதும் விளக்கை அணைத்தார்கள். தெரு விளக்கு இல்லை. கார் விளக்குக்கு மூடி போட்டு, கீறல் வெளிச்சம் மட்டும் தரையில் விழும்படி செய்தார்கள். பெட்ரோலுக்குப் பங்கீடு, சாலையில் வண்டிகள் குறைந்துவிட்டன. சாவு குறைந்திருக்க வேண்டும் அல்லவா? 1939-ல் 8,272 பேர். 1940-ல் 8,609 பேர். 1941-ல் 9,169 பேர். யுத்தத்துக்கு முன்னும் சரி, பின்னும் சரி, பிரிட்டனின் சாலைகளில் ஒரே வருஷத்தில் அத்தனை பேர் செத்ததே கிடையாது. அத்தனை ஓட்டுநர்களின் கண்ணும் ஒரே இரவில் கெட்டுவிடவில்லை. அட்டையில் ஆறுக்கு ஆறு வாசிக்கிற கண்கள்தாம். பார்ப்பதற்கு வெளிச்சம் இல்லை, அவ்வளவுதான்.

ஜனங்கள் என்னென்னவோ செய்தார்கள். நடைபாதை விளிம்புக்கு வெள்ளை அடித்தார்கள். மரங்களுக்கு வெள்ளைப் பட்டை அடித்தார்கள். கார்களின் மட்கார்டுக்கு வெள்ளை அடித்தார்கள். 1940-ல் இருட்டில் இருபது மைலுக்கு மேல் போகக் கூடாதென்று உத்தரவு போட்டார்கள். யார்க்‌ஷயரில் ஹாலிஃபாக்ஸ் என்ற ஊரில் பெர்ஸி ஷா என்று ஒருவர். ரோடு போடுகிற காண்ட்ராக்டர். பூனையின் கண்ணைப் போல, கார் வெளிச்சம் பட்டால் திருப்பிப் பளிச்சிடுகிற கண்ணாடிக் குமிழ்களை ரப்பரில் பொதித்து, சாலையின் நடுவில் பதிக்கிற உபாயத்தை 1934-லேயே கண்டுபிடித்துப் பதிவு செய்திருந்தார். யுத்த இருட்டில்தான் அதன் அருமை தெரிந்தது. கண் இல்லாத சாலைக்குக் கண் வைத்தவர் என்று அவரைச் சொல்லலாம். கண்ணுக்குச் சட்டம் செய்தவர்களைவிடச் சாலைக்குக் கண் வைத்த இந்தக் காண்ட்ராக்டர் அதிக உயிர்களைக் காப்பாற்றியிருப்பார் என்பது என் கட்சி.

அடுத்தது எதிரும் நடுவும். இதை அமெரிக்காவில் சோதித்தார்கள். ஆல்பர்ட் பர்க் என்பவர் கலிபோர்னியாவில் பதினேழாயிரத்து ஐந்நூறு ஓட்டுநர்களின் கண்ணைப் பலவிதமாக அளந்து, அவர்களுடைய விபத்துக் கணக்கோடு ஒட்டிப் பார்த்து 1967-ல் முடிவை வெளியிட்டார். உலகமெல்லாம் நம்பிக்கொண்டிருந்த எழுத்து அட்டைக்கும் விபத்துக்கும் இருந்த சம்பந்தம் மிகவும் சொற்பம்! நின்ற எழுத்தை வாசிப்பதைவிட, நகர்கிற பொருளைக் கண்டுபிடிக்கிற திறமைக்குத்தான் சம்பந்தம் கூடுதலாக இருந்தது. பிறகு 1983-ல் ஜான்ஸன், கெல்ட்னர் என்ற இருவர் அதே கலிபோர்னியாவில் பத்தாயிரம் பேருக்குப் பக்கப் பார்வையைச் சோதித்தார்கள். நேரே பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் வருவதைக் காண்கிற பார்வை அது. பந்தைத் துரத்திக்கொண்டு ஓடிவருகிற பையன் அந்த ஓரத்திலிருந்துதான் வருகிறான். இரண்டு கண்ணிலும் ஓரம் போனவர்களுக்கு விபத்து இரட்டிப்பாக இருந்தது. அதைவிட எனக்குத் திக்கென்றது இன்னொன்று. பக்கப் பார்வை குறைந்தவர்களில் சுமார் பாதிப் பேருக்கு அப்படிக் குறைந்திருப்பதே அதுவரை தெரியாது. நடுவில் எழுத்துத் தெரிகிறது. போதாதா என்று இருந்திருக்கிறார்கள்.

தனக்கே தெரியாத குறையை ஒருவர் எப்படித் தாமே எழுதிக் கொடுப்பார்? இங்கிலாந்தின் ஏற்பாடு அந்த இடத்தில்தான் ஓட்டையாக இருந்தது. வாலிபத்தில் ஒருமுறை பலகையை வாசித்தவர் எழுபது வயதுவரை மறுபடி வாசிக்க வேண்டியதில்லை. எழுபதுக்கு மேல் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை, "கண் சரியாக இருக்கிறது" என்று தாமே கையெழுத்துப் போட்டால் போதும். 2011-ல் இங்கிலாந்தில் ஒரு சிறுமி, முதியவர் ஒருவரின் கார் மோதி இறந்தாள். அதற்குச் சில நாள் முன்புதான் போலீஸார் அந்த முதியவரை நிறுத்திப் பலகையை வாசிக்கச் சொல்லியிருந்தார்கள். வாசிக்க முடியவில்லை. ஓட்டாதீர்கள் என்று மன்றாடினார்கள், அவர் கேட்கவில்லை, உடனே லைஸென்ஸைப் பறிக்கச் சட்டத்தில் வழி இல்லை. சிறுமியின் தாயார் ஊர் ஊராகக் கையெழுத்துத் திரட்டினார். 2013-லிருந்து அப்படிப்பட்ட லைஸென்ஸைச் சில மணி நேரத்திலேயே ரத்து செய்ய வழி பிறந்தது. நடுவில், 2012-ல், பலகையோடு ஸ்நெல்லன் கணக்கில் ஆறுக்குப் பன்னிரண்டும் வேண்டும் என்று விதியில் சேர்த்தார்கள். 2025-ல் லங்காஷயரில் நான்கு பேரின் மரணத்தை விசாரித்த கொரோனர், அவரவர் கண்ணை அவரவரே சொல்லிக்கொள்கிற முறை எதற்கும் உதவாது என்று கடுமையாகவே எழுதினார். எழுபது கடந்தவர்களுக்குக் கட்டாயக் கண் பரிசோதனை என்ற யோசனை அதே வருஷம் சர்க்காரின் மேஜைக்கு வந்தது. ரஸ்ஸல் பிரபு மசோதாவைப் பேசித் தொண்ணூற்றைந்து வருஷங்களுக்குப் பிறகு!

கிழவரைத் திட்டுவது சுலபம். மனைவி போய், பிள்ளைகள் தூர தேசம் போய், கடைக்கும் மருந்துக்கும் நாலு மனித முகத்துக்கும் அந்தக் காரை நம்பியிருக்கிறவரிடம் போய்ச் சாவியைக் கேட்டுப் பாருங்கள். நூல்கண்டுக்கு முன்னால் நின்ற பதின்மூன்று பேரைப் போலத்தான் அவரும் நிற்பார். அவருக்காக இரங்கலாம். சாவியை வாங்காமலும் இருக்க முடியாது.

நம் தேசத்துக்கு வருவோம். இங்கிலீஷ்காரர் போனாலும் அவருடைய பலகை போகவில்லை. 1989-ல் வந்த மத்திய மோட்டார் வாகன விதிகளின் படிவத்தில், நல்ல பகல் வெளிச்சத்தில், கண்ணாடி அணிந்தால் கண்ணாடியோடு, ஒரு காரின் நம்பர் பலகை தெரிகிறதா என்று அதே பாணியில் கேள்வி இருந்தது. தூரம் மட்டும் இருபத்தைந்து மீட்டர். கஜத்தை மீட்டராக்கியவர்கள் எண்ணை அப்படியே விட்டுவிட்டதால், இங்கிலாந்துக்காரரின் கண்ணைவிட நம்முடைய கண்ணிடம் ஏழு அடி அதிகமாக எதிர்பார்த்தார்கள் போலிருக்கிறது! சிவப்பு, பச்சை பேதம் தெரிகிறதா என்றும் ஒரு கேள்வி. அது ஹோல்ம்கிரெனின் நூல்கண்டு வாசனை. சாலை விளக்கில் சிவப்பு மேலே, பச்சை கீழே என்று இடம் பார்த்தே தெரிந்துகொள்ளலாம் என்பதால், பிரிட்டனில் கார் ஓட்ட நிறக்குருடு ஒரு தடையாக இருந்ததில்லை. நமக்கு அந்தத் தெளிவு 2020-ல்தான் வந்தது. ஓரளவு நிறக்குருடு உள்ளவர்களுக்கு லைஸென்ஸ் கொடுக்கலாம் என்று அந்த வருஷம் விதியைத் திருத்தினார்கள். அதுவரை எத்தனை பையன்கள் இதனால் பிழைப்பை இழந்தார்களோ.

எனக்குத் தெரிந்த லாரி டிரைவர் ஒருவருக்கு இந்தப் படிவம், அட்டை எல்லாம் விளையாட்டு. முன்னால் நிற்கிற நாலு பேர் எழுத்தை உரக்க வாசிப்பதைக் கேட்டுக் கேட்டே கடைசி வரி தமக்குப் பாடமாகிவிட்டது என்பார். வயது ஐம்பத்தெட்டு. பகலில் குறை ஒன்றும் சொல்லமாட்டார். ராத்திரியில்தான் எதிரே வருகிற லாரியின் விளக்கு உடைந்து சிதறி, ஏழெட்டு விளக்காகி, சுற்றிலும் வட்டம் போட்டுக்கொண்டு வரும். தேர்த் திருவிழா மாதிரி இருக்கும் என்று சிரிப்பார். நடுவே எது லாரி, எது வெளிச்சம் என்று தெரியாமல் ஓரம் கட்டிவிடுவார். ஓரத்தில் சைக்கிள்காரன் இருந்தால்? "தெய்வம் இருக்குங்க" என்பார்.

அமெரிக்காவில் அலபாமா மாகாணத்தில், கண்புரை வந்த 277 முதியவர்களைச் சில வருஷங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு விபத்து, செய்துகொள்ளாதவர்களுக்கு நேர்ந்ததில் பாதிதான். 2002-ல் வெளிவந்த கணக்கு. பறிமுதல் இல்லை, பரீட்சை இல்லை. கண்ணில் இருந்த திரையை எடுத்தார்கள், அவ்வளவே.

டிரைவரை அவருடைய மகள்தான் ஓர் இலவசக் கண் முகாமுக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஆபரேஷன் ஆகி, டாக்டர் ஓட்டலாம் என்று சொன்ன பிறகு, ஒரு லோடு ஏற்றிக்கொண்டு ராத்திரிப் பயணம் போய்வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"ரெண்டே ரெண்டு வெளக்குதான் ஸார் வருது" என்றார், ஏதோ ஏமாந்துபோனவர் மாதிரி.